உப்பு விளையும் ஊரில் உப்பில்லாப் பத்தியம்... எஸ்.ஜி.ஓ.டி. எகிறினால் காமாலைதானா?

கோடை வந்துவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை மும்முரம்தான். பாத்தியில் உப்பை வாரி, தலைச்சுமையாகக் கரையேற்ற வேண்டும். அப்படி வேலை பார்க்கும் ஒருவர், ‘ஒரே அசதியா இருக்கு’ என்று ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் ‘எஸ்.ஜி.ஓ.டி. 90’ என்று தடித்த எழுத்தில் வந்தால் போதும்... வீட்டில் ‘காமாலை’ என்று முடிவுகட்டி, உப்பில்லாப் பத்தியம் ஆரம்பித்துவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் செல்லுக்குள் இருக்கவேண்டிய என்சைம்கள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். சுமார் 40 யூனிட் வரை இயல்பு என்கின்றன பெரும்பாலான லேப்கள். எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலைச் சேர்ந்தது. எஸ்.ஜி.ஓ.டி. அப்படியல்ல, தசையிலும் இதயத்திலும்கூட இருக்கிறது. 1954-ல் இது முதலில் பேசப்பட்டதே மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான்! நாள் முழுக்கச் சுமை தூக்கியவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் லேசாக ஏறியிருந்தால், குற்றவாளி தசையாகவும் இருக்கலாம். சி.பி.கே. என்ற இன்னொரு பரிசோதனை அதைச் சொல்லிவிடும்.

இரண்டுமே கொஞ்சம் கூடியிருந்தால் கொழுப்புக் கல்லீரல், மாத்திரைகள், நாள்பட்ட பி, சி வைரஸ் என்று தேடவேண்டும். எஸ்.ஜி.பி.டி.யைப்போல எஸ்.ஜி.ஓ.டி. இரு மடங்கு என்றால் டாக்டர் குடிப்பழக்கம் பற்றிக் கேட்பார். மறைக்காமல் சொல்வது நல்லது. ஆயிரத்தைத் தாண்டினால் திடீர் ஹெபடைடிஸ் தொற்றோ, அளவு மீறிய பாராசிட்டமாலோ காரணமாக இருக்கலாம். அது அவசரம்.

ஏ, இ வகை வைரஸ்கள் அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வரும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட நாள்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதுதான் முதல் மருந்து. கர்ப்பிணிகளுக்கு இ வகை உயிரையே பறிக்கக்கூடியது.

சரி, கீழாநெல்லி? கேலி செய்யவேண்டிய விஷயமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துச் செய்த ஆய்வு 1988-ல் ‘லான்செட்’ இதழிலேயே வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது; வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். ஆனால், பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே குணமாகிவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போய்விடும். பி, சி வகைகள் சத்தமில்லாமல் பல வருடங்கள் தங்கிக் கல்லீரலைச் சுருக்கும்.

பத்தியமும் அப்படித்தான். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத்தான் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். வெயிலில் வியர்வை கொட்ட உழைப்பவர், சாதாரண காமாலைக்காக உப்பை அறவே நிறுத்தினால் சோர்வு கூடும்.

2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பி, சி வகைகளுக்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சி வகையைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். கண் மஞ்சளோடு தூக்கக் கலக்கம், உளறல், ரத்தக்கசிவு இருந்தால் கஷாயம் காய்ச்ச நேரமில்லை... உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.