கிண்டியில் திரித்த முப்புரி

டிஎன்ஏ இரட்டைச் சுருள் என்று வாட்சனும் கிரிக்கும் 1953-இல் அறிவித்தார்கள். மறு ஆண்டே, கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் வடிவத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலுத் தரும் இப்புரதம், மூன்று புரிக் கயிறு. வடிவத்தைக் கண்டறிய எடுத்த எக்ஸ்ரே படத்துக்கு உதவியதோ கங்காரு வாலின் தசைநாண்!

இழையில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். ஏன்? மூன்று இழையும் நெருங்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே அடங்கும். 1955-இல் அந்தக் கயிற்றையே இன்னொரு முறை முறுக்கி, மாதிரியைத் திருத்தினார்கள்.

அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்குக்கு இந்த முப்புரியின் ஆங்கிலப் பெயரே: ‘ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்’.