பழுதான டி.வி.க்கு மாற்று தருகிறார்கள்: கையெழுத்துக்கு முன் கணக்குப் பார்ப்போம்



மண்டியிலிருந்து வந்த துவரம் பருப்பு மூட்டையில் இரண்டு கிலோ எடை குறைந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. உடனே போன் போட்டு, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்கிறோம். அதே நாம், வீட்டுக்கு வாங்கிய ஒரு டி.வி. பழுதாகிவிட்டால் மட்டும், விற்ற கடைக்காரர் நீட்டுகிற தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடக்க இருந்தது. கடைசி நேரத்தில் தப்பினோம். அதில் கற்றுக்கொண்டதை நம் உறுப்பினர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கே விவரமாக எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

2021 ஆடித் தள்ளுபடியில் கோவையிலுள்ள ஒரு பெரிய கடையில் 43 அங்குல டி.வி. ஒன்றை வரி உட்பட ரூ.42,000-க்கு வாங்கினோம். கம்பெனி வாரண்டி ஓராண்டு. "இன்னும் ரூ.3,600 கட்டினால் மேலும் மூன்று வருடம் கவலையே இல்லீங்கண்ணா" என்று விற்பனைப் பையன் சொன்னதை நம்பி, எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்தோம். ஆக 2025 ஆகஸ்டு வரை பாதுகாப்பு உண்டு.

2025 மார்ச்சில் திரையில் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்தன. இரண்டு நாளில் பாதித் திரை இருண்டுவிட்டது. சாயந்தரம் தொடர் பார்க்கும் அம்மா, கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரிகிற முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த டெக்னீசியன், "பேனல் போச்சுங்க. இந்த மாடலுக்கு இப்போ பேனல் வர்றதில்லீங்க" என்றார். பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய டி.வி.யை ஒப்படைத்தால் ரூ.12,600-க்குக் கூப்பன் தருவார்களாம். அதை அந்தக் கடையிலேயே, முப்பது நாளுக்குள் செலவு செய்யவேண்டுமாம். கூடவே ஒரு தாள்: "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்."

பேனாவைக் கையில் எடுத்தவர்கள், வாரண்டி எடுத்தபோது கொடுத்த துண்டுப் பிரசுரத்தை வீட்டில் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி எழுந்துவிட்டோம். அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

முதல் கேள்வி: வாரண்டி கொடுத்தது யார்?

ஒரு டி.வி.க்கு இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் தருவது ஒன்று. அது பொருளின் விலையிலேயே அடங்கியது. எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது நாம் தனியே காசு கொடுத்து வாங்கும் சேவை. அதைச் சில சமயம் தயாரிப்பாளரே விற்பார், சில சமயம் கடைக்காரர் விற்பார், சில சமயம் இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது கம்பெனி விற்கும். கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்பார், கம்பெனி "எங்கள் வாரண்டி முடிந்துவிட்டது" என்று சொல்லும். நாம் நடுவில் அலைவோம். ஆகவே வாரண்டிக்குத் தனி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். பணம் வாங்கியவர்தான் பதில் சொல்லவேண்டியவர். சந்தேகமிருந்தால் இருவருக்கும் கடிதம் எழுதலாம், தவறில்லை.

இரண்டாவது, டெக்னீசியன் எழுதும் ஜாப் ஷீட். நம் ஊர் மலையடிவாரம். கோடை மழைக்கு முன் இடி மின்னலும், கரண்ட் ஏறி இறங்குவதும் சகஜம். மின்னழுத்தத்தால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று வாரண்டித் தாள்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். டெக்னீசியன் பேச்சுவாக்கில், "இடி ஏதும் இறங்குச்சுங்களா?" என்று கேட்பார். நாமும் "இருக்கும்" என்று சொல்லிவைப்போம். அது ஜாப் ஷீட்டில் ஏறினால் கதை முடிந்தது. தெரிந்ததை மட்டும் சொல்லவேண்டும். அவர் எழுதியதைப் படித்துப் பார்த்து, ஒரு நகல் வாங்கிக்கொள்ளவேண்டும். எங்கள் ஷீட்டில் "பேனல் உள்பழுது, உதிரி பாகம் கிடைக்கவில்லை" என்று தெளிவாக இருந்தது.

கூப்பன் தொகை வந்த வழி

துண்டுப் பிரசுரத்தில் ஒரு அட்டவணை இருந்தது. பழுது பார்க்க முடியாவிட்டால் விலையில் இத்தனை சதவீதம் திருப்பித் தரப்படும் என்ற கணக்கு: முதல் ஆண்டு 80, இரண்டாம் ஆண்டு 65, மூன்றாம் ஆண்டு 50, நான்காம் ஆண்டு 30. கீழே சின்ன எழுத்தில், "ஆண்டு என்பது எக்ஸ்டெண்டட் வாரண்டி தொடங்கும் நாளிலிருந்து கணக்கிடப்படும்" என்று இருந்தது.

எங்களுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தொடங்கியது 2022 ஆகஸ்டில். ஆகவே 2025 மார்ச் என்பது மூன்றாம் ஆண்டு. 42,000-ல் 50 சதவீதம் ரூ.21,000. கடைக்காரர் டி.வி. வாங்கிய நாளிலிருந்து எண்ணி, நான்காம் ஆண்டு என்று 30 சதவீதம் போட்டிருந்தார். வித்தியாசம் ரூ.8,400. வேண்டுமென்று செய்தார்களா, கம்ப்யூட்டர் போட்ட கணக்கா, நமக்குத் தெரியாது. கணக்கு தப்பு என்பது மட்டும் அவர்கள் கொடுத்த காகிதத்திலேயே இருந்தது.

முழு விலையையும் கேட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வாங்கும்போதே அட்டவணையைக் கையில் கொடுத்திருந்தார்கள், நாமும் கையெழுத்திட்டிருந்தோம். அதை மீறிக் கேட்பதில் பலம் குறைவு. அட்டவணையைக் கொடுக்காமல் காசு மட்டும் வாங்கியிருந்தாலோ, கொடுத்த அட்டவணைக்கு மாறாக நடந்தாலோ அது சேவைக் குறைபாடு என்று தாராளமாக வாதாடலாம். நியதிகளே ஒருதலைப்பட்சமாக இருந்தால், நியாயமற்ற ஒப்பந்தம் என்று முறையிடவும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் அந்த வகைப் புகார் மாவட்ட ஆணையத்துக்கு அல்ல, மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும்.

மாற்று டி.வி. தருவதாகச் சொன்னால் அதையும் எடைபோட வேண்டும். திரை அளவு அதேதானா, புதியதா அல்லது பழுது பார்த்த பழையதா, அதற்கு வாரண்டி எத்தனை நாள், நம் கையிலிருந்து மேலே எவ்வளவு போகும் என்று கேட்கவேண்டும். பொருளில் குறை நிரூபணமானால், அதே வகையைச் சேர்ந்த, குறையில்லாத புதிய பொருளைத் தர உத்தரவிட ஆணையத்துக்குச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 43 அங்குலத்துக்குப் பதில் 32 அங்குலம் நீட்டுகிறவரிடம் இதை நினைவூட்டலாம்.

வியாபாரிகளுக்கு மட்டும் உள்ள சிக்கல்

நாங்கள் கணக்கைக் காட்டிக் கடிதம் எழுதியதும் வந்த பதில்தான் எங்களைத் தூக்கிவாரிப்போட்டது. "தாங்கள் ஜி.எஸ்.டி. எண் கொடுத்துக் கடையின் பெயரில் வாங்கியுள்ளீர்கள். ஆகவே தாங்கள் நுகர்வோர் அல்ல" என்று எழுதியிருந்தார்கள். பில் போடும்போது "ஜி.எஸ்.டி. நம்பர் இருக்குங்களா?" என்று கேட்டார்கள், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டோம். நம்மில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம்!

இது வெறும் மிரட்டல் அல்ல. வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சட்டம். இதற்கு முன்னுதாரணமான வழக்கே நம் கோவை சம்பந்தப்பட்டது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் 1990-ல் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற மகாராஷ்டிரச் சிறுதொழில் நிறுவனம் ஒரு சி.என்.சி. கடைசல் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தது. இயந்திரம் தாமதமாக வந்தது, குறையுடன் வந்தது என்பது புகார். மகாராஷ்டிர மாநில ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது. வாங்கியது வணிக நோக்கத்துக்கு என்று தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. 1995 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே போகவில்லை. வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்கும் நிலை!

ஆனால் அதே தீர்ப்பு சிறு வியாபாரிக்கு ஒரு கதவையும் திறந்து வைத்தது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிய பொருள் என்றால், அவர் நுகர்வோர்தான். தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர். ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. ஆகவே குடும்பமே நின்று நடத்தும் மளிகைக் கடைக்கு வாங்கிய ஃபிரிட்ஜோ, எடைத் தராசோ பழுதானாலும் நாம் இந்த அடிப்படையில் வாதாடலாம். பத்துப் பேர் வேலை செய்யும் மொத்தக் கடைக்கு அது கடினம்.

வீட்டு உபயோகப் பொருள் விஷயத்தில் நிலைமை இன்னும் நமக்குச் சாதகம். ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கார், இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு என்றால் அது வணிக நோக்கம் ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. பில்லில் யார் பெயர் என்பதைவிட, எதற்காக வாங்கினோம் என்பதே முக்கியம். நாங்கள் இதை எடுத்துச் சொன்னதோடு, அந்த டி.வி.க்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கவில்லை என்பதற்கு ஆடிட்டரிடம் சான்றும் வாங்கி இணைத்தோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2021-ல் 43 அங்குல டி.வி.க்கு வரி 28 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்). 42,000-ல் வரி மட்டும் 9,000 ரூபாய்க்கு மேல். அதை வரவு எடுக்க ஆசை வரும். ஆனால் சொந்த உபயோகப் பொருளுக்கு வரவு எடுப்பதை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தடை செய்கிறது. எடுத்துவிட்டால் அங்கேயும் குற்றம், இங்கேயும் "கடைக்குத்தான் வாங்கினேன்" என்று நாமே எழுதிக் கொடுத்ததாகும். வீட்டுப் பொருளுக்கு வீட்டுப் பெயரிலேயே பில் வாங்குங்கள்.

எங்கே முறையிடுவது?

கோபத்தில் கடையில் போய்ச் சத்தம் போடுவதால் பயனில்லை. முதலில் பில், வாரண்டி ரசீது, ஜாப் ஷீட் நகல்களுடன், கேட்பது இன்னதென்று தொகை குறிப்பிட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து, ஒப்புகை பெறும் தபாலில் கடிதம் அனுப்பவேண்டும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அதுவும் பயன்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்ற கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. தொண்டாமுத்தூர்க்காரர் கோவையைத் தாண்ட வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

அவசரத்துக்குக் கூப்பனை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலே "மீதித் தொகைக்கான என் உரிமைக்குப் பாதிப்பின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். எழுதவிடாவிட்டால், அன்றே அதைக் கடிதமாக அனுப்பிவிடுங்கள்.

எங்கள் விஷயம் ஆணையம் வரை போகவில்லை. 1915-ல் பதிவு செய்த மூன்றாவது வாரம் கடை மேலாளரே அழைத்து, ரூ.21,000-க்குக் கூப்பன் தந்தார். ரொக்கமாகக் கேட்டோம், கிடைக்கவில்லை. மேலே ரூ.9,500 போட்டு, அதே அளவு டி.வி. வாங்கினோம். இந்த முறை பில் அம்மா பெயரில்.

நாமும் விற்கிறவர்கள்தான்

டார்ச் லைட், எல்.இ.டி. பல்பு, குக்கர் என்று வாரண்டியுள்ள சாமான்களை நாமும் விற்கிறோம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று இதே சட்டம் சொல்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் தப்பித்துவிட முடியாது. பல்பு எரியவில்லை என்று வந்து நிற்கும் பாட்டியிடம் "கம்பெனியைக் கேளுங்க" என்று சொல்லும் முன், அந்தப் பெரிய கடை வாசலில் நாம் நின்ற நிலையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம். அட்டையில் விற்ற தேதியும் கடை முத்திரையும் போட்டுக் கொடுப்போம். வாக்குக் கொடுத்தவன் கணக்கையும் சரியாகக் கொடுக்கவேண்டும். அது பெரிய கடைக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.