நோய் ஒன்று, சிகிச்சை ஆளுக்கொன்று

காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தமிழக அரசு நடத்தும் மண்டலப் புற்றுநோய் மையம் இது. தொடங்கப்பட்ட ஆண்டு 1969. அந்த ஆண்டுக்கும் பெயருக்கும் காரணம் ஒன்றுதான். காஞ்சிபுரத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை, முதலமைச்சராக இருந்தபோதே உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளானார். புகையிலை போடும் பழக்கம் அவருக்கு இருந்தது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டாக்டர் தியோடர் மில்லர் அவருக்கு அறுவை செய்தார். ஊர் திரும்பியவர், 1969 ஜனவரியில் சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனதைப் பார்த்தார். பிப்ரவரி 3-ஆம் தேதி, 59 வயதில் காலமானார்.

அன்று இந்த நோய்க்குக் கத்திதான் பெரிய ஆயுதம். இன்று அதே கட்டியுடன் ஒருவர் வந்தால் பெரும்பாலும் உடனே அறுவைக்கு அனுப்ப மாட்டார்கள். முதலில் ஐந்து வாரம் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகுதான் அறுவை. 2012-இல் வெளியான நெதர்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று, இப்படிச் செய்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று காட்டியது. ஆனால் கட்டி மிகச் சிறியதாக இருந்தால் வழி வேறு. நோயாளியின் நுரையீரல் பலவீனமாக இருந்தால் வழி வேறு. ஒருவருக்கேற்ற சிகிச்சை என்பது இங்கேதான் தொடங்குகிறது. விளம்பரங்களில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, லட்சக்கணக்கில் செலவாகும் மரபணுப் பரிசோதனை என்று மட்டும் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது இதில் ஒரு சிறு பகுதி.

முதல் படி சதைப் பரிசோதனை. கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்து, சாயமேற்றி நுண்நோக்கியில் பார்க்கிறார் நோய்க்குறியியல் மருத்துவர். மார்பகப் புற்றுநோய் என்றால் அதோடு விடுவதில்லை. அந்தச் செல்கள் பெண்மை ஹார்மோனை நம்பி வளர்கின்றனவா, ‘ஹெர்-2’ என்ற புரதம் அவற்றில் மிகுதியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹார்மோனை நம்பும் வகை என்றால் டமாக்சிஃபென் போன்ற விலை குறைந்த மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டு தினமும் விழுங்கினால் நோய் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஹெர்-2 மிகுந்த வகைக்கு டிராஸ்டுஸுமாப் ஊசி, வழக்கமாக ஓராண்டு. இரண்டும் இல்லாத வகைக்குக் கீமோவே முக்கியத் துணை. பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் மூன்று பெண்களுக்கு நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம். மருந்துச் சீட்டு மூன்றாக இருக்கும். ‘அவங்களுக்குக் கொடுத்த ஊசியை எனக்கு ஏன் போடலை’ என்று வார்டில் எழும் கேள்விக்குப் பதில் அந்தச் சதைப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது.

அடுத்தது கூடிப் பேசுதல். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்துச் சிகிச்சை வல்லுநர், நோய்க்குறியியலாளர், ஸ்கேன் பார்ப்பவர் எல்லோரும் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு ஒரு நோயாளிக்கான முடிவை எடுக்கிறார்கள். யார் முதலில், யார் பிறகு என்ற வரிசை இங்கே தீர்மானமாகிறது. வரிசை பிசகினால் சரியான மருந்தும் பாதிப் பலனே தரும். வசதியுள்ளவர்கள் தனித்தனி மருத்துவரைத் தேடி அலைந்து பெறும் கருத்துகளைவிட, ஒரு மேசையைச் சுற்றி எடுக்கப்படும் இந்த முடிவு மேலானது.

ஒருவருக்கேற்ற மருந்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயைவிட நல்ல சான்று இல்லை. 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வரும் நோய் இது. அந்தப் பிழையால் உண்டாகும் புரதத்தை மட்டும் தடுக்கும் இமாடினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முதல் பெரிய ஆய்வில் இந்த மாத்திரையுடன் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டு கழித்தும் உயிருடன் இருந்தார்கள். இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. மாத்திரையைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த முடிவே உறுதியானது. மாதம் லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்தின் இந்தியத் தயாரிப்பு அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குள் கிடைத்தது.

ஆளுக்கேற்ற சிகிச்சை என்றால் மருத்துவர் தன் மனம்போல் மாற்றிக்கொள்வது என்று பொருளல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கையுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் அனுபவம் இதைக் காட்டுகிறது. குழந்தைகளுக்கு வரும் தீவிர ரத்தப் புற்றுநோயில் முன்பு ஐந்தில் ஒரு குழந்தை தேறுவதே அரிது. 1980-களில் டாக்டர் வி. சாந்தாவின் குழு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துடன் சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே சீரான மருந்து முறையைக் கைக்கொண்டது. மும்பை டாட்டா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் அதே முறையைப் பின்பற்றின. தேறிய குழந்தைகள் ஏறத்தாழப் பாதியாக உயர்ந்தார்கள். மருந்து முறை எல்லாருக்கும் ஒன்று. காய்ச்சல் வந்த குழந்தைக்கு நோய்த்தொற்று மருந்து, ரத்தம் குறைந்த குழந்தைக்கு ரத்தம், எடை இறங்கிய குழந்தைக்கு உணவு என்ற கவனிப்புதான் தனித்தனி.

கதிர்வீச்சை மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்குமுன் ஒரு முகமூடி செய்கிறார்கள். துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இட்டால் துணிபோல் குழைகிறது. அதை நோயாளியின் முகத்தின் மேல் இழுத்துப் பிடித்தால் சில நிமிடங்களில் மூக்கு, தாடை வடிவிலேயே இறுகிவிடும். மேலே அவர் பெயரை எழுதி வைக்கிறார்கள். ஆறு, ஏழு வாரமும் அதே முகமூடி. தலை அசையாமல் மேசையோடு பொருத்துவதற்காக. கதிர் விழும் இடத்தைச் சில மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் வைக்க உதவுவது இதுவே. உடம்பின் மற்ற இடங்களில் தோலில் மை அடையாளம் இடுவார்கள். அதைத் தேய்த்துக் குளித்து அழித்துவிடக் கூடாது.

பட்டு நெசவு ஊரான காஞ்சிபுரத்தில் இன்னொரு கேள்வியும் சிகிச்சையின் பகுதியாகிறது: என்ன வேலை செய்கிறீர்கள்? பாக்லிடாக்சல், சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் சிலருக்கு விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். அலுவலகம் போகிறவருக்கு அது தொந்தரவு. அறுந்த பட்டு இழையைத் தடவிப் பார்த்து முடிச்சிடும் நெசவாளிக்கோ விரல் நுனிதான் பிழைப்பு. முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் அளவைக் குறைக்கவும், முடிந்தால் மருந்தை மாற்றவும் வழி உண்டு. மார்பக அறுவையின்போது அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றிய பெண்ணுக்குத் தோள் இறுகலாம், கை வீங்கலாம். சுவரில் விரல்களால் மேலேறும் பயிற்சியை ஆரம்பத்திலேயே செய்தால்தான் நாடா எறியும் வீச்சு திரும்ப வரும். அந்தக் கையில் ரத்தக் கொதிப்புப் பட்டை கட்டுவதையும் ஊசி போடுவதையும் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறார்கள். கோர்வைப் புடவைக்குத் தறியில் இருவர் வேண்டும் என்பதால், ஒருவர் நோயில் விழுந்தால் நிற்பது இருவர் கூலி.

இதனால்தான் சிகிச்சை நாள் குறைவதும் மருத்துவமே. மார்பகத்துக்கு ஐந்து வாரம் கொடுத்த கதிர்வீச்சை இப்போது பலருக்கு மூன்று வாரத்தில், 15 தவணையில் முடிக்கிறார்கள். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகள் பலன் குறையவில்லை என்று காட்டிய பிறகு வந்த மாற்றம் இது. சாப்பாட்டுக்கும் கணக்கு உண்டு. வாயில் கதிர்வீச்சு பெற்றவருக்கு எச்சில் வற்றும், புண் வரும். மிளகும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லியைப் புண் ஆறும் வரை தள்ளிவைத்துவிட்டு, குழைந்த கஞ்சி, முட்டை, பால் என்று எடை இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாடையைத் திறக்கும் பயிற்சியை விட்டுவிட்டால் பின்னால் வாய் திறக்க முடியாமல் போகலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-இல் மாற்றியமைக்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணமும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகின்றன. பஸ் கட்டணமும் கூட வருபவரின் கூலியும் மட்டும் எந்தத் திட்டத்திலும் சரியாக அடங்குவதில்லை. இரண்டு கீமோவில் கட்டி சுருங்கியதும், குணமாகிவிட்டது என்று நின்றுவிடுகிறவர்கள் எந்த மருத்துவமனையிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தை அழிக்கத்தான் மீதித் தவணைகள். பாதியில் விட்ட நோய் திரும்பும்போது பழைய மருந்துக்கு அடங்குவது கடினம்.

சிகிச்சை முடிந்தவர்களை முதல் இரண்டு ஆண்டு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வரச் சொல்வது வழக்கம். அப்போது கையில் இருக்க வேண்டியவை சதைப் பரிசோதனை அறிக்கை, வெளியேறும்போது கொடுத்த சுருக்கச் சீட்டு, போட்ட மருந்துகளின் பட்டியல். மெழுகில் பதித்த அந்தத் துணுக்கு எங்கே இருக்கிறது என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு கழித்துப் புதிய மருந்து வந்தாலும், அது உங்களுக்குப் பொருந்துமா என்று அந்தத் துணுக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம்.