மூன்று சக்கரமும் முதிய உடம்பும்

வட அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் கோடைகாலத்தில் பிரயாணம் செய்பவர்கள், கூட்டங்கூட்டமாகப் போகும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, மூன்று சக்கரங்களோடு அகலமாகவும் சாவதானமாகவும் செல்லும் ஒருவகை வாகனத்தை அடிக்கடி காண்பார்கள். அதை ஓட்டுகிறவர் பல சமயம் அறுபதைத் தாண்டியவராகவும், பின்னால் மெத்தையில் சாய்ந்து வருபவர் அவருடைய தர்மபத்தினியாகவும் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. யௌவனத்தில் சுமார் 400 கிலோ எடையுள்ள இருசக்கர வாகனத்தில் தேசம் முழுவதும் சுற்றியவர்கள், மூட்டுவலியும் இடுப்புச் சிகிச்சையும் வந்த பிற்பாடு, சிக்னலில் நிற்கும்போது அவ்வளவு பாரத்தையும் ஒற்றைக்காலில் தாங்கிப் பிடிக்க முடியாமல் போகும் அந்த ஒரு காரணத்துக்காகவே, சாலையைத் துறக்க மனமின்றி மூன்றாவது சக்கரத்தின் தயவை நாடுகிறார்கள்.

மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் புதிய சிருஷ்டி அல்ல. ஹார்லி டேவிட்சன் கம்பெனி 1932 முதல் 1973 வரை 'சர்வி கார்' என்ற வண்டியைச் செய்து, போலீஸ் இலாகாக்களுக்கும் கார் பழுதுபார்க்கும் நிலையங்களுக்கும் விற்றது. ஆனால் உல்லாசப் பிரயாணத்துக்கென்றே அமைந்த பெரிய மூன்று சக்கர வண்டிகளில் இன்று பிரசித்தமாயிருப்பவை இரண்டு. ஒன்று, அதே ஹார்லி கம்பெனி 2009-ஆம் வருஷத்து மாடலாக வெளியிட்ட 'டிரை கிளைடு'. இதில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டும் உண்டு. மற்றொன்று, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்னும் சிற்றூரைத் தலைமை இடமாகக் கொண்ட பி.ஆர்.பி. கம்பெனி 2007-இல் அறிமுகப்படுத்திய 'கேன்-ஆம் ஸ்பைடர்'. இதில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. நீண்ட பிரயாணத்துக்கான அதன் 'ஆர்.டி.' வகை 2010-ஆம் வருஷத்து மாடலாக வந்தது. இவை தவிர, ஹோண்டாவின் 'கோல்ட் விங்' போன்ற இருசக்கர வண்டிகளை வாங்கி, பின்பாகத்தைக் கழற்றி, இரட்டைச் சக்கரம் பொருத்தித் தரும் பட்டறைகளும் உண்டு.

நின்றால் சாயாது, நிற்கும்போது காலூன்ற வேண்டாம், பின்னோக்கி நகர ரிவர்ஸ் வசதி உண்டு, மூட்டை முடிச்சுகளுக்குத் தாராளமான இடம் உண்டு என்று இவற்றின் அனுகூலங்களை அடுக்கிக்கொண்டே போகலாம்; அவை யாவும் மெய்யே. ஆயினும் சொந்தக்காரர்கள் சொல்லும் குறைகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு விபரீதம் புலப்படுகிறது. எந்த முதிய உடம்புக்குச் சிரமம் குறையட்டும் என்று இந்த வண்டியை வாங்கினார்களோ, அதே உடம்பின் தோளிலும் முதுகிலும் முழங்காலிலும்தான் இதன் குறைகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன.

முதலில் தோளைப் பார்ப்போம். இருசக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து திரும்புகிறது; ஓட்டுகிறவரும் கூடவே சாய்வதால், அவர் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுவதில்லை. மூன்று சக்கர வண்டியோ சாய்வதில்லை. நம் ஊர் ஷேர் ஆட்டோ வேகமாகத் திரும்பும்போது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் விழுந்துவிடாமல் கம்பியை இறுகப் பற்றிக்கொள்கிறாரே, அந்த நிலைமைதான் இங்கே ஓட்டுகிறவருக்கு நேர்கிறது. அவர் பற்றிக்கொள்வதற்குக் கிடைக்கும் கம்பி ஹேண்டில்பார் ஒன்றுதான் என்பதில் சங்கடம் ஆரம்பமாகிறது. வண்டியைத் திருப்புவதும் அதனால்தான், உடம்பைத் தாங்குவதும் அதனால்தான். ஆகவே வளைவில் உடம்பு வெளியே தள்ளப்படும்போது கை தன்னையறியாமல் ஹேண்டில்பாரை இழுக்க, வண்டி வேண்டாத பக்கம் சற்றே அசைய, அதைச் சரிசெய்ய அவர் மறுபடி இழுக்க, மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் போவதற்குள் தோள்பட்டை இரண்டும் கடுத்துவிடுகின்றன. இடுப்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் ஆசனம் ஒன்று இருந்தால் கைகள் விடுதலை பெறும். ஆனால் கம்பெனிகள் தரும் ஆசனமோ இருசக்கர வண்டியின் வழுவழுப்பான ஆசனத்தின் தம்பியாகவே இருக்கிறது.

முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டிகளில் இதற்கு மேலும் ஒரு கஷ்டம் உண்டு. மோட்டார் சைக்கிளின் முன்கவை எந்தச் சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சின் நேர்கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. இந்த இடைவெளி அதிகமாயிருந்தால் சக்கரம் நேராக ஓடப் பிரியப்படும். திருப்புவதற்குப் பலம் வேண்டும். சாய்ந்து திரும்பும் வண்டிக்கு அது குணம். சாயாத வண்டிக்கு அதுவே தோஷம். ஆதலால் மாற்றிக் கட்டும் பட்டறைகள், அந்த அச்சை அப்படியே விட்டு, முன்கவையை மட்டும் இன்னும் சில பாகை சாய்த்துப் பொருத்தி இந்த இடைவெளியைக் குறைக்கும் தனிப்பட்ட உபகரணத்தை விற்கின்றன. அளவுக்கு மேல் இடைவெளியைக் குறைத்தாலோ, மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். ஹார்லி தன் வண்டியில் முன்கவையின் அமைப்பைத் திருத்தி, உதறலை அடக்க ஒரு தணிப்பானையும் வைத்தது. இருந்தும், இன்னும் கொஞ்சம் இலகுவாகத் திரும்பினால் தேவலை என்று சொந்தச் செலவில் மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பின்னால் அமர்ந்து வரும் அம்மாளின் புகார் வேறு. டிரை கிளைடில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே திடமான அச்சு இணைத்திருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த ஆட்டம் மறுபக்கத்தையும் உலுக்கும். இருசக்கர வண்டியில் ஓட்டுகிறவர் பள்ளத்தைக் கண்டு ஒதுங்கிவிடலாம். மூன்று சக்கர வண்டியோ சாலையில் மூன்று தடம் பதிப்பது. ஒரு சக்கரத்தைக் காப்பாற்றினால் இன்னொன்று பள்ளத்தில் விழும். ஓட்டுகிறவர் பள்ளத்தைப் பார்த்துக் கால்களில் பலம் கொடுத்துத் தயாராகிவிடுகிறார். அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கோ அது முன்னறிவிப்பில்லாமல் முதுகுத்தண்டில் வந்து விழும் அடி. வண்டியை வடிவமைத்தவர்களில் யாராவது ஒருவர் பின்ஆசனத்தில் ஒரு நாள் முழுவதும் பிரயாணம் செய்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

ஸ்பைடர் இந்த இடத்தில் மேலானது. முன்சக்கரங்கள் இரண்டும் காரில் இருப்பதைப் போலத் தனித்தனியே எழுந்து தாழ்கின்றன. பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்வதால், அங்கே இரண்டு சக்கரங்கள் இருப்பது ஸ்திரத்துக்கும் நல்லது. ஆனால் அதன் பிரேக்கே ஒரு விவாதப் பொருள். மூன்று சக்கரங்களுக்கும் சேர்த்து வலது காலடியில் ஒரே ஒரு பெடல், கைப்பிரேக் கிடையாது. நாற்பது வருஷம் இருசக்கர வண்டி ஓட்டியவர், எதிரே திடீரென்று ஒரு மான் குறுக்கிடுமாயின், என்ன செய்வார்? யோசிப்பதற்கு முன்னாலேயே அவருடைய வலது கையின் நான்கு விரல்களும் நீண்டு, அங்கே இல்லாத ஒரு லீவரைத் தேடி, வெறுங்காற்றைப் பற்றிக்கொண்டு திரும்பும். அதன் பிறகுதான் கால் பெடலுக்குப் போகிறது. பழகினால் சரியாகிவிடும் என்று கம்பெனியின் பக்ஷத்தில் சொல்லலாம். ஆனால் வலது காலில் ஊனமுற்றவரும், முழங்கால் சிகிச்சை செய்துகொண்டவரும் வாங்கும் வண்டியில், காலை மட்டுமே நம்பிய பிரேக் எந்த நியாயத்தில் சேரும்?

டிரை கிளைடு போன்றவற்றில் இதே பழக்க தோஷம் வேறு ரூபத்தில் வருகிறது. நிற்கப்போகும் சமயத்தில் கால் தானாகவே தரையை நாடுகிறது. ஊன்றிய காலுக்குப் பின்னாலேயே அகலமான பின்சக்கரம் உருண்டு வருவதால், வண்டி முழுவதும் நிற்பதற்குள் அது கெண்டைக்கால் மேல் ஏறிவிடக்கூடும். 550 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியின் விஷயத்தில் இது அற்பமல்ல.

உஷ்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இருசக்கர வண்டி குறுகலானது. காற்று கால்களைத் தழுவிக்கொண்டு போகும். ஸ்பைடர் போன்ற மூன்று சக்கர வண்டியின் அகன்ற முன்பாகமும் பிளாஸ்டிக் கவசங்களும் காற்றை மறித்து, எஞ்சினின் சூட்டை ஓட்டுகிறவரின் முழங்காலுக்கும் பாதத்துக்கும் அனுப்புகின்றன. 2013-ஆம் வருஷத்து ஸ்பைடர் ஆர்.டி. வண்டியில் வலது பாதம் வறுபட்டது என்று குறைகூறியவர்கள் பலர். மறுவருஷம் 1330 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சினும், திருத்திய ரேடியேட்டர் அமைப்பும் வந்தபின் அந்தப் புகார் பெருமளவு தணிந்தது. ஹார்லியில், வண்டி நிற்கும்போது சூடு மிகுந்தால் பின்சிலிண்டரை மாத்திரம் எரியவிடாமல் நிறுத்திவைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. சாமர்த்தியமான யுக்திதான், ஆனால் பின்சிலிண்டர் அமர்ந்திருப்பவரின் தொடைக்கருகில் இருப்பது தொல்லை என்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டதற்கு அதைவிடச் சாக்ஷியம் வேண்டுவதில்லை.

மற்றவை சில்லறைக் குறைகள். ஆனால் பணம் செலவாவது இவற்றில்தான். ஸ்பைடரின் பின்டயர் காரின் டயரைப் போலத் தட்டையானது. அதன் நடுப்பகுதி சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்றும், மழைத்தண்ணீர் தேங்கிய சாலையில் அது நீரின் மேல் மிதந்து வழுக்குகிறது என்றும் அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்கிறது. அதை அடக்க ஓர் உருளையை வெளியில் வாங்கிப் பூட்டுகிறார்கள். முன்சக்கரங்களின் அலைன்மென்ட் கம்பெனியிலிருந்து சரியாக வருவதில்லை என்பது நெடுநாள் குறை; சாதாரணக் கார் பட்டறையில் அதைப் பார்ப்பதும் சுலபமல்ல. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சரிவதைத் தடுக்கும் குறுக்குக் கம்பி மெல்லியதாக இருப்பதால், தடித்த கம்பியாக மாற்றிக்கொள்பவர் அநேகர். ஸ்டெப்னி கிடையாது. வயோதிகர் ஒருவர் குனிந்து, கவசத்தைக் கழற்றி, எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்த்து, மறுபடி திருகிப் பூட்டுவதற்குள் அரைமணி நேரம் போய்விடுகிறது.

சாய்ந்து திரும்பும் மூன்று சக்கர வண்டி செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்திருக்கிறார்கள். இத்தாலியின் பியாஜியோ 2006-இல் 'எம்.பி. 3' என்ற ஸ்கூட்டரையும், யமஹா 2018-இல் 'நிக்கென்' என்ற பெரிய வண்டியையும் கொண்டுவந்தன. தோள்வலி அவற்றில் இல்லை. ஆனால் நிக்கென் நிற்கும்போது இருசக்கர வண்டியைப் போலவே காலூன்றித் தாங்க வேண்டும். ஆகவே முழங்கால் நோவுக்குப் பயந்து வருகிறவருக்கு அது பிரயோஜனப்படாது. பியாஜியோவில் நிற்கும்போது சாயாதபடி பூட்டும் வசதி உண்டு, என்றாலும் அது நகரத்து ஸ்கூட்டர். வளைவில் சாய்வது, நின்றால் சாயாதிருப்பது என்னும் இந்த இரண்டு குணங்களையும் ஒரே பெரிய வண்டியில் சேர்ப்பதுதான் இனி வடிவமைப்பாளர்கள் செய்ய வேண்டிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ வசிக்கும் வாசகர் எவரேனும் இப்படியொரு வண்டியை வாங்க உத்தேசித்தால், கடைக்காரர் காட்டும் பத்து நிமிஷச் சவாரியோடு திருப்தி அடைய வேண்டாம். கோடையில், உச்சி வேளையில், வளைவுகள் உள்ள சாலையில், மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, வாடகைக்கு எடுத்தாவது ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு விலையைப் பற்றிப் பேசலாம்.