பூச்சிக் கடி இதயத்தை எப்படிக் கெடுக்கிறது?

பூச்சிக் கடியால் வரும் சாகஸ் நோயை 1909இல் கண்டறிந்தவர் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ். லத்தீன் அமெரிக்காவில் மண்சுவர் வெடிப்புகளில் பதுங்கும் பூச்சி, இரவில் ரத்தம் குடித்துவிட்டு அங்கேயே எச்சமிடும். சொறியும்போது எச்சத்திலுள்ள டிரிபனோசோமா குரூசி ஒட்டுண்ணி உடலுக்குள் புகுகிறது. தொடக்கத்தில் வரும் காய்ச்சல் தணிந்தாலும் ஒட்டுண்ணி இதயத்தசையில் தங்கிவிடும். அதனுடன் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆண்டுக்கணக்கில் போராட, சிலருக்குத் தசைநார்கள் அழிந்து தழும்பாகின்றன. தழும்பு சுருங்காது, மின்துடிப்பையும் கடத்தாது. துடிப்பு தடுமாறி, இதயம் வீங்குகிறது.

அதே வீட்டில் படுப்பவரைப் பூச்சி மறுபடி மறுபடி கடிக்கும். ஒவ்வொரு தொற்றும் அழற்சியைக் கிளறிவிடலாம். எலிச் சோதனைகளில் மறுதொற்று சேதத்தைக் கூட்டியது. ஆகவே, மாத்திரை கொடுத்து அதே மண்சுவருக்குத் திருப்பி அனுப்புவதை அரைச் சிகிச்சை என்றே சொல்வேன். அந்த மாத்திரையான பென்ஸ்னிடசோல் தொடக்கத்தில் நன்கு வேலைசெய்யும். இதயம் கெட்டபின் பெரிதாக உதவாது.