பவரை ரத்து செய்தால் மட்டும் போதாது

தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்து எழுதுவது பவர் பத்திரம். அதைப் பற்றிப் பலரும் கேட்பது இதுதான்: “அப்பா தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறார். தம்பி வீட்டை விற்கப் பார்க்கிறான். நான் ரத்து செய்யலாமா?”

முடியாது. கொடுத்தவர் அப்பா, ரத்து செய்ய வேண்டியவரும் அவர்தான். அவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் வழி உண்டு. பவர் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்யலாம். “அவரால் படுக்கையை விட்டு எழவே முடியாதே” என்று சொல்லி முயற்சியைக் கைவிடுபவர்கள் அநேகம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, உடல் முடியாதவரை அலுவலகத்துக்கு இழுக்கச் சொல்லவில்லை. விண்ணப்பித்தால் அதிகாரியே வீட்டுக்கு வருவார். கட்டிலருகே உட்கார்ந்து, இது என்ன பத்திரம், தெரிந்துதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று அப்பாவிடமே கேட்பார். பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதன் பிறகே கைரேகை.

இத்தோடு முடிந்தது என்று பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். என் மனம் பதைப்பதெல்லாம் இங்கேதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, ரத்தான செய்தி தம்பிக்குத் தெரிந்த பிறகே அவரைக் கட்டுப்படுத்தும். வெளியாரை, அவர்களுக்குத் தெரிந்த பிறகே. இடையில் விவரம் அறியாத ஒருவருக்கு வீடு கைமாறினால் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஆகவே அன்றைக்கே தம்பிக்கு ஒப்புகையுடன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வங்கிக்கும், குடியிருப்பவருக்கும், விலை பேசியவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒரு விதிவிலக்கு: பணம் வாங்கிக்கொண்டு கட்டுமானக்காரருக்குக் கொடுத்த பவர் போன்றவற்றில், பவர் வாங்கிய முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருக்கலாம். அதை நினைத்த நேரத்தில் ரத்து செய்ய அதே ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு விடாது.

அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டால்? கொடுத்தவர் மனநிலை தவறினால் பவர் முடிந்துபோகிறது என்கிறது 201ஆம் பிரிவு. இங்கிலாந்தில் நினைவு போன பிறகும் நீடிக்கும்படி பவர் எழுதிவைக்கலாம். நம் ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் பத்திரம் தம்பி கையில்தானே இருக்கிறது? கிரயம் பதிய வரும் முகவரிடம், கொடுத்தவர் உயிரோடிருப்பதற்கான சான்றைத் தமிழ்நாட்டில் கேட்கிறார்கள். அப்பாவுக்கு ஆளை அடையாளம் தெரிகிறதா என்பது அதை வைத்துத் தெரியாது. இந்த நிலையில் மருத்துவப் பதிவுகளோடு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய், அப்பாவின் சார்பில் காப்பாளராக நின்று, தடை உத்தரவு கேட்பதுதான் வழி. அலைச்சலும் செலவும் அதிகம்.

அதனால் அப்பா தெளிவாகப் பேசும்போதே அவரோடு உட்கார்ந்து பவர் பத்திரத்தின் நகலைப் படியுங்கள். ரத்து செய்ய அவர் விரும்பினால், பதிவு நாளன்றே அவர் தெளிவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று வாங்கி வையுங்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால், அப்பாவுக்கு அன்றைக்கு நினைவே இல்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.