பத்துக் கண்ணிச் சங்கிலியும் மார்புப் புற்றுநோயும்

மார்புப் புற்றுநோய்கள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. அவற்றுள் பலவற்றின் உயிரணுக்களில், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. அந்த ஹார்மோனே அக்கட்டிகளை வளர்க்கிறது. சூற்பைகளை அகற்றினால் சில நோயாளிகளின் கட்டி சுருங்குவதைக் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். கத்தியின்றி அதே பயனைப் பெறுவது எங்ஙனம் என்பதே பின்னர் எழுந்த வினாவாகும்.

சூற்பைகள் தாமே இயங்குவன அல்ல. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ் ஒரு சிறு பெப்டைடை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் சூற்பைகளைத் தூண்டுகின்றன. எல்.எச்.ஆர்.எச். எனப்படும் அப்பெப்டைடு, பத்து அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்பதை 1971-இல் ஷாலியின் குழுவினர் கண்டறிந்தனர். ஷாலியும் கில்லெமினும் 1977-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

இயற்கைச் சங்கிலி இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதன் ஆறாவது கண்ணி கிளைசின். அவ்விடத்தில் வலக்கைக்கு இடக்கை போல் எதிர்வடிவம் கொண்ட டி-அமினோ அமிலமொன்றை அமைத்தால், நொதிகள் அதனை எளிதில் வெட்ட இயலாது. ஏற்பியையும் அது உறுதியாகப் பற்றும். இவ்வாறு உருவானதே கோசெரலின் முதலிய மருந்துகள். இடைவிடாது தூண்டப்படும் பிட்யூட்டரி முதலில் மிகுதியாகச் சுரந்து, சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறது. சூற்பைகளும் அடங்குகின்றன.

தில்லியிலும் இதே ஆறாவது கண்ணி ஆராய்ச்சிக்குரியதாயிற்று. தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரான ஜி. பி. தல்வாரும் அவர்தம் குழுவினரும் அங்கே டி-லைசினை அமைத்து, அதன் வழியே டிப்தீரியா டாக்சாய்டை இணைத்துத் தடுப்பூசி ஒன்றை வகுத்தனர். உடலே அப்பெப்டைடுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்க வேண்டும் என்பது நோக்கம். அத்தடுப்பூசி ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயில் ஆராயப்பட்டது; மார்புப் புற்றுநோய்க்கு வழக்கச் சிகிச்சையாகவில்லை. எனினும் ஒரு கண்ணியின் மாற்றம் எத்துணைப் பயன் தரக்கூடும் என்பதற்கு அது நற்சான்று.

இம்மருந்து மாதவிடாய் நிற்காத பெண்களுக்கே உரியது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் பெரிதும் கொழுப்பு முதலிய திசுக்களில் உண்டாவதால், சூற்பையை அடக்குவதில் பயனில்லை. கட்டியில் ஏற்பி இல்லையெனில், அதன் வளர்ச்சியை இம்மருந்தால் தடுக்க இயலாது. ஆகவே திசுச் சோதனையின்போது ஏற்பிச் சோதனையும் இன்றியமையாதது. உடல் வெப்பம் திடீரென எழுதலும் எலும்பு வலுக் குறைதலும் இதன் பக்க விளைவுகள்; இவற்றை நோயாளிக்கு முன்னரே விளக்க வேண்டும்.

களப்பணியாளர் மனத்திற் கொள்ளவேண்டியது மற்றொன்றுண்டு. கோசெரலின் 3.6 மில்லிகிராம் ஊசி, வயிற்றுத் தோலின் கீழ் 28 நாட்களுக்கு ஒருமுறை இடப்படுவது. நாள் தவறினால் பிட்யூட்டரி மீண்டும் விழித்துக்கொள்ளலாம். கட்டிக்கு மீண்டும் ஹார்மோன் கிட்டும். வலி இல்லை என்பதற்காக மார்புக் கட்டியைப் பொருட்படுத்தாதிருத்தல் ஆகாது என்று ஊராருக்கு உணர்த்துவதோடு, சிகிச்சை பெறுவோரின் ஊசி நாளைக் குறித்துவைத்து நினைவூட்டுவதும் அவர்தம் கடமையாகும்.